கேபிளின் மறுமுனையில் நான்

போட்டோ கடைத் தொழிலில் பாதி நேரம் "கொஞ்சம் இருங்க" என்று சொல்வதில் போகும், மீதி நேரம் கேபிள் தேடுவதில் போகும். கடை வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் தமிழ்ப் பள்ளி ஆறாம் ஆண்டோடு நின்றவள். சிங்கப்பூர் எல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தம்போயில் எங்கள் கடையில் படம் எடுப்பவர் என் வீட்டுக்காரர் மாணிக்கம். வெட்டுவது, அச்சடிப்பது, கவலைப்படுவது மூன்றும் நான்.

போன வருடம் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. பட்டனை அழுத்தினால் ஸ்டாண்டும் சேர்ந்து ஆடும், படம் கலங்கிவிடும். டைமர் வைத்தால் அது எண்ணி முடிப்பதற்குள் பிள்ளைகள் கொட்டாவி விடும். மாத்திரையில் நடுக்கம் குறைந்தது, நிற்கவில்லை. வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்று எனக்கு உத்தரவு. தெரிந்தால் கல்யாண வேலை வராது. அதைவிட, "பாவம் மாணிக்கம்" என்று யாராவது சொன்னால் மனிதர் கடையையே மூடிவிடுவார்.

சும்மா கொடுத்தால் சந்தேகம்

எங்கள் வாடிக்கைக்காரர் செல்வம் தினமும் சிங்கப்பூர் போய்வரும் டெக்னீஷியன். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எங்கள் பழைய கணினியில் ஒரு மென்பொருளை ஏற்றினார். கேமராவைக் கேபிளில் மாட்டினால் போதும். கணினியில் ஒரு விசையைத் தட்டினால் அங்கே கேமரா படம் எடுக்கும், படம் உடனே திரைக்கு வந்துவிடும். யாரும் கேமராவைத் தொட வேண்டாம். "எவ்வளவு?" என்றேன். இலவசமாம். உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி, எழுதிய விதத்தையும் திறந்தே வைத்திருக்கிறார்களாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாமாம். செய்த கம்பெனியே மறந்துபோன எங்கள் கேமராவின் பெயர்கூட அவர்கள் பட்டியலில் இருந்தது.

"யார் வேணும்னாலும் திருத்தலாம்னா, யார் வேணும்னாலும் கெடுக்கலாம்தானே?" என்று கேட்டேன். செல்வம் கேபிளைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "அக்கா, இது நம்ம கோயில் கமிட்டி மாதிரி இல்ல லா. இவங்க சண்டை போட்டாலும் வேலைய முடிச்சிடுவாங்க."

எட்டு முறை பிடுங்கினேன்

மறுநாள் முதல் ஆள், பக்கத்துக் கடை லிம் அம்மா. ஆன்லைனில் பாஸ்போர்ட் புதுப்பிக்க அவருக்குப் படம் வேண்டும். கேபிளை மாட்டினேன். கேமராவைக் கண்டதும் கணினி தானாகவே ஒரு ஜன்னலைத் திறந்து, உள்ளே இருந்த பழைய படங்களை வரிசையாகக் காட்டியது. நல்லதுதானே என்று விட்டுவிட்டு விசையைத் தட்டினேன். சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. கேபிளைப் பிடுங்கி மாட்டினேன். மறுபடியும் ஜன்னல், மறுபடியும் சிவப்பு. இப்படி எட்டு முறை. ஒவ்வொரு முறையும் லிம் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து, விட்டார்.

செல்வத்துக்குப் போன் செய்தேன். பாலத்து நெரிசலில் பஸ்ஸுக்குள் இருந்தார். "அந்த ஜன்னல்தான் கேமராவப் பிடிச்சிக்கிட்டிருக்கு அக்கா. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பிடிக்க முடியும். பிடுங்காதீங்க, முதல்ல அந்த ஜன்னல மூடுங்க" என்றார். மூடினேன். கேமரா 'டக்' என்றது. படத்தைப் பார்த்த லிம் அம்மா தமிழும் மலாயும் கலந்து பெருமூச்சு விட்டார்: "அலமாக், வரும்போது எனக்கு இவ்ளோ வயசு இல்ல!"

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

ரெங்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெரியவர் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். எல்லாரும் இன்னும் "கிராணி ஐயா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அடுத்த மாதம் பேத்தி கல்யாணம். எங்களை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க, முதலில் ஒரு குடும்பப் படம் எடுத்துக்கொள்ள வந்தார்கள்.

நான் கவுண்டரில் கணினி முன்னால் உட்கார்ந்தேன். கேமரா தன்னந்தனியாக நின்றது. என் வீட்டுக்காரர், "கம்ப்யூட்டர் எடுக்கிறதுக்கு நான் எதுக்கு?" என்று மூலையில் நாளிதழை விரித்துக்கொண்டார். தட்டினேன். கேமரா 'டக்' என்றதும் கிராணி ஐயா திடுக்கிட்டுப் பின்னால் திரும்பினார். அடுத்த படத்தில் ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். பதினொரு படங்கள், பதினொன்றிலும் எல்லாருடைய காதுதான் தெளிவாக இருந்தது. கிராணி ஐயா எழுந்து வேட்டியை உதறினார்: "ஏம்மா, ஆளே இல்லாத கேமராவுக்கு நான் யாரைப் பாத்துச் சிரிக்கிறது? கல்யாணத்துக்கும் இப்படித்தான்னா நான் வேற ஆளப் பாத்துக்குறேன்."

செருப்புச் சமிக்ஞை

அவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரரை அச்சடிக்கும் அறைக்குள் இழுத்தேன். "ஏங்க, கேமராவுக்குப் பின்னால சும்மா நில்லுங்க. நான் தட்டுறேன்." "நான் என்ன துணிக்கடை பொம்மையா?" என்றார். "பொம்மைன்னா வாயைத் திறக்காது. நீங்க பேசிச் சிரிக்க வைக்கணும். அது எனக்கும் வராது, அந்தக் கம்ப்யூட்டருக்கும் வராது" என்றேன். "சரி, எப்பத் தட்டணும்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அப்போதே எனக்கு மூச்சு வந்தது.

முதலில் இருமலை அடையாளமாக வைத்து ஒத்திகை பார்த்தோம். அவருக்கு உண்மையிலேயே இருமல் வந்து, காலி நாற்காலிகளை மூன்று முறை எடுத்தேன். பிறகு, வலது செருப்பைத் தரையில் ஒரு இழுப்பு இழுப்பது என்று முடிவானது. அது பிசகவில்லை. கிராணி ஐயா சிரித்தார், கல்யாண வேலையும் உறுதியானது. அவர்கள் போனபின் என் வீட்டுக்காரர் செருப்பைக் குனிந்து பார்த்துச் சொன்னார்: "முப்பது வருஷம் கையால எடுத்தேன், இனிமே செருப்பால எடுக்கறேன்."

மணவறையில் வெறுங்கால்

கல்யாணத்தன்று ரெங்கம் மண்டபத்தில் நீளமான கேபிளைத் தரையோடு ஒட்டி, ஓரமாக மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். யார் காலில் கேபிள் மாட்டுமோ என்று எனக்கு ஒரு வாய் காப்பிகூட இறங்கவில்லை. காலை முழுக்கச் செருப்பு இழுத்தது, நான் தட்டினேன். தாலி கட்டி முடிந்ததும் கிராணி ஐயா, "குடும்பப் படம் மணவறையிலயே எடுக்கணும். மேல வா மாணிக்கம்" என்றார்.

மணவறையில் செருப்போடு யார் ஏறுவார்கள்? இவ்வளவு யோசித்த நாங்கள் இதை யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஸ்டாண்டின் பின்னால் நின்று என்னைப் பார்த்தார். கேமராவை மேலே ஏற்றி, கேபிளை மாற்றி மாட்டியதில் பழைய ஜன்னல் வேறு திறந்துகொண்டது. பிடுங்கப் போன கையை அடக்கி, அதை மூடினேன். அடுத்து, கேமரா பார்ப்பதை அப்படியே திரையில் காட்டும் பொத்தானைத் தட்டினேன். முப்பது முகங்கள் என் மடியில் தெரிந்தன. செருப்பே தேவையில்லை. "நான் பாத்துக்குறேன்" என்று தலையை ஆட்டினேன்.

அவர் குரலை உயர்த்தினார். "கிராணி ஐயா, பல் செட்டு புதுசா? வெளிய காட்ட மாட்டீங்களா?" முப்பது பேரும் சிரித்தார்கள். கிராணி ஐயாவின் வாய் விரிந்த நொடியில் தட்டினேன்.

அங்கேயே அச்சடித்துக் கொடுத்தேன். கிராணி ஐயா கண்ணாடியை மாட்டி, படத்தைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பாத்தீங்களா, ஆள் நின்னு எடுத்தா இப்படித்தான் வரும். இந்த வயசுலயும் மாணிக்கத்தோட கை கல்லு மாதிரி நிக்குது லா!" என் வீட்டுக்காரர் வலது கையை மெல்ல ஜிப்பா பைக்குள் விட்டுக்கொண்டார்.

முகம் தெரியாத யாரோ எழுதிக் கொடுத்த அந்த மென்பொருளுக்கும் எனக்கும் ஒரே தலையெழுத்துதான்: வேலை கெட்டால் எல்லாரும் எங்களைத் தேடுவார்கள், ஒழுங்காக நடந்தால் நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது.