நடு மடல் உள்ள கோழி

பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். எனக்கு வாய்த்த வழிகாட்டி, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க மட்டும் மைக்ரோஸ்கோப்பைத் தொடுபவர். போதாததற்குத் துறைத் தலைவரும் அவர்தான். மீன், கோழி, ஆடு மூன்றிலும் பிட்யூட்டரி சுரப்பியின் செல்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று ஒப்பிட வேண்டும். தலைப்பு அவருடையது, மற்றதெல்லாம் என் தலையில்.

ஆட்டுத்தலைக்குக் குமணன்சாவடி கறிக்கடை. மூளையை எடுத்த பிறகும் மண்டையோட்டின் அடியில் ஒரு குழிக்குள் பிட்யூட்டரி ஒட்டிக்கொண்டிருக்கும், கொண்டைக்கடலை அளவில். நான் அதை இடுக்கியால் தோண்டுவதைக் கடைக்காரர் பார்த்துக்கொண்டே நிற்பார்.

"மூளைய வுட்டுட்டு இத்தப் போய் எட்த்துகினு போற. இன்னாக்கா பண்ணுவ?"

"சீவி, சாயம் போட்டுப் பாப்பேண்ணா."

"பாத்து?"

என் வழிகாட்டி அந்தக் கேள்வியைக்கூட ஒருநாளும் கேட்டதில்லை.

மீனில் ஒவ்வொரு வகைச் செல்லும் தனித்தனி இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். ஆட்டில் கலந்து கிடக்கும். முன் மடலுக்கும் பின் மடலுக்கும் இடையே ஒரு நடு மடலும் தெளிவாகத் தெரியும். கோழிக்கு அந்த நடு மடலே கிடையாது. பறவைகளுக்கே கிடையாது. பாடப்புத்தகத்தைத் திறந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

கோழி மட்டும் எனக்குச் சரியாக வரவில்லை. மெழுகில் பதித்துச் சீவும்போதெல்லாம் திசு கிழிந்தது. அதற்குள் கல்லூரியில் கருத்தரங்கு வந்துவிட்டது. வழிகாட்டி காத்திருக்கவில்லை. நான் மைக்ரோஸ்கோப்பில் எடுத்திருந்த ஆட்டுப் படத்தைத் தலைகீழாகத் திருப்பி, கீழே 'கோழி' என்று போட்டுக்கொண்டார்.

"சார், இது ஆடு. நடு மடல் தெரியுது பாருங்க."

"எவன்மா உத்துப் பாக்கப்போறான்? சாப்பாடு எப்ப போடுவாங்கன்னு உக்காந்திருப்பானுங்க."

கூட்டத்தைப் பற்றிய அவர் கணிப்பு ஏறக்குறைய சரிதான். வெளியிலிருந்து வந்திருந்த கால்நடை மருத்துவப் பேராசிரியை ஒருவர் மட்டும் கை தூக்கினார்.

"கோழிக்கு நடு மடல் எப்படி வந்தது சார்?"

வழிகாட்டி தயங்கவே இல்லை. "இது நாட்டுக்கோழி மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த முனைவர்கள் தலையாட்டினார்கள். அவரைவிட அவர்களை நினைத்தால்தான் இன்னும் எனக்குக் குமட்டுகிறது.

பேராசிரியை விடவில்லை. உடனே வழிகாட்டி என் பக்கம் கை நீட்டினார். "ஸ்லைடு போட்டது அந்தப் பொண்ணு. அவதான் மாத்தி வெச்சிருக்கணும்."

எழுந்தேன். "மேடம், அது ஆடு. சார்கிட்ட நேத்தே சொன்னேன். கோழி இன்னும் சரியா வரல."

யாரோ அவசரமாக மைக்கை வாங்கி நன்றியுரையைத் தொடங்கிவிட்டார்கள். வழிகாட்டிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

சாப்பாட்டின்போது என் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே இருந்தன. பேராசிரியை தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"கிழியுதுன்னா மெழுகு உள்ள இறங்கலன்னு அர்த்தம். என் லேபுக்கு எடுத்துட்டு வா, சேர்ந்து பாப்போம்."

ஆராய்ச்சியை அவரிடமே மாற்றிக்கொண்டேன். கோழி ஒழுங்காக வந்தது. பட்டமும் வந்தது.

பழைய வழிகாட்டி இப்போது கல்லூரி முதல்வர். போன மாதம் வானகரத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவரிடம், "என் ஸ்டூடண்ட்" என்று பூரிப்போடு அறிமுகம் செய்தார்.

"எதுல ஆராய்ச்சி?" என்று அந்த மனிதர் கேட்டார்.

வழிகாட்டி கொஞ்சம் யோசித்தார். "தைராய்டு" என்றார்.

நான் பந்திக்குப் போய்விட்டேன்.