கிட்லி கொடுத்த நிலக்கரி

1768 மார்ச்: 410 பவுண்டு.
1774 அக்டோபர்: 655 பவுண்டு.
1780 செப்டம்பர்: 940 பவுண்டு.
1784 ஜனவரி: 30 பவுண்டு.

முதல் மூன்றும் நத்தானியல் கிட்லி எங்கள் ஹார்கோம்ப் ஊரின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆவதற்குச் செலவிட்டவை. விடுதிகளில் ஓடிய ஆப்பிள் மது, ரிப்பன், கொடி, உடைந்த ஜன்னல்களுக்கு ஈடு எல்லாம் அதில் அடக்கம். நான்காவது தொகை வாக்குக்காகக் கொடுத்ததல்ல. அவரைக் கவிழ்த்தது அதுதான். நான்கு தேர்தல்களிலும் ஊர் எழுத்தராக மேடையில் உட்கார்ந்து வாக்குகளைப் பதிந்தவன் நான்.

கிட்லி கம்பளித் துணி நெய்தவரின் மகன். வியாபாரத்தில் ஓரளவு முன்னுக்கு வந்தார். ஊருக்கு இரண்டு இடங்கள். ஒன்று எப்போதும் ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த பிரபு கைகாட்டியவருக்கு, போட்டி மற்றதற்குத்தான். பதினாறு வருடங்களில் சபையில் அவர் நான்கு முறைதான் பேசினார், அதில் மூன்று எங்கள் பாலத்தைப் பற்றி. பாலம் வந்தது. உறையின் மூலையில் உறுப்பினர் கையெழுத்திட்டால் கடிதம் பெறுகிறவர் தபால்கூலி கொடுக்க வேண்டியதில்லை என்பதால், லண்டனில் வேலைக்கிருந்த எங்கள் ஊர்ப் பெண்கள் அவர் வாசலில் கடிதங்களோடு நிற்பார்கள். சலிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். மற்றபடி பெரிய சாதனை எதுவும் இல்லை.

அமெரிக்கப் போரில் அவர் தம்பியின் வியாபாரம் முழுகிப்போயிற்று. தம்பிக்கு ஜாமீன் நின்றிருந்ததால் கடன்காரர்கள் இவரைச் சுற்றிக்கொண்டார்கள். உறுப்பினரைக் கடனுக்காகக் கைதுசெய்ய முடியாது. சபை கலைந்தால் நாற்பது நாள் வரை அந்தக் காப்பு நீடிக்கும். அதற்குள் மறுபடி ஜெயிக்காவிட்டால் கடன் சிறை. இது அவருக்கும் தெரியும், கடன்காரர்களுக்கும் தெரியும்.

1784 ஜனவரியில் ஆறு உறைந்து, கம்பளி சீவுகிறவர்களுக்கு வேலை நின்றது. அப்போது தேர்தல் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. கிட்லி எங்கேயோ கடன் வாங்கி எனக்கு முப்பது பவுண்டு அனுப்பினார். நேரில் கொடுத்தால் பின்னால் லஞ்சம் என்பார்கள் என்று பயந்து, தேவாலயப் பங்கின் ஏழைநிதியைப் பார்த்துக்கொண்ட பிர்ச்சல் வழியாக நிலக்கரி போகட்டும், தன் பெயர் வேண்டாம் என்று எழுதியிருந்தார். அப்படியே செய்தோம். பதினொரு வீட்டுக்குப் போயிற்று.

மார்ச் 25 அன்று திடீரென்று சபை கலைந்தது. ஏப்ரல் 6 எங்கள் தேர்தல்.

எங்கள் ஊரில் சொந்த அடுப்பில் சொந்தப் பானை வைப்பவனுக்குத்தான் வாக்கு. அன்று காலை எல்லோரும் தெருவில் அடுப்பு மூட்டி, ஊர் பார்க்கச் சமைப்பது வழக்கம். ஆனால் பன்னிரண்டு மாதத்துக்குள் ஏழைநிதியிலிருந்து எதையாவது பெற்றவனுக்கு அந்த உரிமை இல்லை. ஜாப் டக்கெட் என்ற கம்பளி சீவுகிறவர் மேடையேறி, கிட்லிக்கு என்று உரக்கச் சொன்னதும் எதிராளியின் வக்கீல் எழுந்தார்.

"ஜாப், பானையில என்னப்பா வேகுது?"

"டர்னிப்பும் எலும்பும். பசிச்சா நீங்களும் வாங்க."

கூட்டம் சிரித்தது. வக்கீலும் சிரித்தார்.

"ஜனவரியில நிலக்கரி வாங்கினியா?"

"வாங்கினேன். பிள்ளைங்க விறைச்சுக் கிடந்துச்சுங்க."

"யார் கையால?"

"பிர்ச்சல் ஐயா கையால."

"அப்ப அது பங்குக் கரி. பிச்சைக் கரியில பொங்குற பானைக்கு வாக்கு எங்கருந்து வரும்?"

ஜாப் முகம் சிவந்துவிட்டது. அவர் கிட்லியின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, அது உங்க காசுன்னு ஊர்ல ஒரு பேச்சு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் பிச்சைக்காரன் இல்லைன்னு ஆகட்டும்."

"தாராளமா சொல்லட்டும்," என்றார் வக்கீல். "அவர் காசுன்னா அது லஞ்சம். குடுத்தவருக்கு ஐநூறு பவுண்டு தண்டம், வாங்கினவனுக்கும் ஐநூறு. நீ வருஷத்துக்கு என்ன சம்பாதிக்கிற ஜாப்?"

ஜாப் வருடத்துக்குப் பதினெட்டு பவுண்டு சம்பாதிப்பவர். கிட்லி என்னைப் பார்க்கவில்லை, பிர்ச்சலையும் பார்க்கவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது ஜாப். அது பங்குக் கரிதான்."

"பதினாறு வருஷம் உங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன்," என்றார் ஜாப். "எனக்குன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வரல." இறங்கிப் போய்த் தெருவில் இருந்த பானையை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தார்.

பதினொரு பெயர்களையும் அடித்தேன். கிட்லி ஆறு வாக்கில் தோற்றார். மே 4 அன்று நாற்பது நாள் முடிந்தது. மறுநாள் காலை, லண்டனில் முகம் மழித்துக்கொண்டிருந்தவரை அந்த நாற்காலியிலிருந்தே அழைத்துப் போனார்கள். 1785 ஜனவரி 27 அன்று சிறையில் நெஞ்சுச்சளியால் இறந்தார். ஜாப் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுக் கம்பளி சீவப் போய்விட்டார் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னாள்.

அதன் பிறகு, கிட்லி சிறையிலிருந்து எழுதிய கடிதம் ஒன்று பனியில் தாமதப்பட்டு எனக்கு வந்தது. மூலையில் கையெழுத்து இல்லை. ஆறு பென்ஸ் கூலி கேட்டார்கள். உள்ளே நான்கு வரி. லஞ்ச வழக்குப் போட இரண்டு வருடம் வரை இடமுண்டு, அது கழிந்ததும் ஜாப்பிடம் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்.

1786 பிப்ரவரியில் ஜாப்பைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"கூலி யாரு குடுத்தது?"

"நான்தான்."

ஆறு பென்ஸை எண்ணி என் மேஜைமேல் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன்.

"இது வந்தப்ப அவரு உசுரோட இருந்தாரா?" என்று கேட்டார்.

உறையின் பின்புறம் நான் குறித்திருந்ததைக் காட்டி வாசித்தேன். வந்து சேர்ந்தது 1785 பிப்ரவரி 3, வியாழக்கிழமை.