பழனிக்கு நடந்தபடி கை கழுவியவர்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் கை கழுவுகிறார்களா என்று பார்த்து எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். கொடைக்கானல் குளிரில் இதைவிடக் கேடுகெட்ட வேலை கிடையாது. நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கழுவினால் ஒரு டிக், இல்லாவிட்டால் பெருக்கல் குறி. மறைந்து நின்று பார்க்க வேண்டுமாம். நான் என்ன நர்ஸா, சிஐடியா?

அதனால் மாதக் கடைசியில் ஹீட்டர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு டம்ளர் டீயோடு உட்கார்ந்து, மொத்த மாதத்துக்கும் டிக் அடித்துவிடுவேன். சந்தேகம் வராமலிருக்க நீலம், கறுப்பு என்று பேனாவை மாற்றிக்கொள்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

தரச்சான்றிதழுக்காக ஆய்வாளர் வருகிறார் என்றதும் நிர்வாகி கட்டடத்துக்கே வெள்ளையடித்தார். அந்தச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் காப்பீட்டு அட்டை எங்களிடம் செல்லாது. பூண்டு பயிரிடும் மேல்மலைக் கிராமத்துச் சனம் ஒரு ஆபரேஷனுக்கு மலையிறங்கி ஓட வேண்டும். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

கீழேயிருந்து வந்த ஆய்வாளர் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார். என் பதிவேட்டோடு விடுப்புப் பதிவேட்டையும் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தைப்பூசத்துக்கு எங்கள் வார்டில் பாதிப் பேர் பழனிக்குப் பாதயாத்திரை போய்விடுவார்கள். டிக் அடிக்கும்போது அது நினைவுக்கு வரவேயில்லை.

“ஏம்மா, இந்த நாலு பேரும் பழனிக்கு நடந்து போயிருக்காங்க. அதே நாள்ல இங்க கையும் கழுவியிருக்காங்களே?”

வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த மேல்மலை அக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? “எல்லாம் முருகன் செயல் சார்” என்றார். நான் முறைத்தேன். அவர் நிறுத்தவில்லை.

“அந்தப் பைப்பத் தொறந்து பாருங்க சார். வெள்ளனே விடியக்காலத்துல தண்ணி ஐஸாட்டம் கெடக்கு. யாரு கழுவுவா?”

ஆய்வாளர் குழாயைத் திறந்து கையை நீட்டினார். “ஆத்தாடி!” என்று அவர் கத்தியதில் மூன்றாம் கட்டில் தாத்தா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத் தைரியம் வந்தது. “வெந்நீர் வேணும்னு மூணு வருஷமா எழுதிக் கேக்குறேன் சார். இவரு காதுலயே போட்டுக்கல” என்று பக்கத்தில் நின்ற நிர்வாகியைக் கைகாட்டினேன்.

மனுஷன் அசரவில்லை. “எல்லாரும் ஒழுங்கா கழுவுறாங்கன்னு மாசாமாசம் நீங்கதானேங்க எழுதித் தர்றீங்க? அப்புறம் வெந்நீர் எதுக்குன்னு விட்டுட்டேன்.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை வருஷமும் வெந்நீரைத் தடுத்து வைத்திருந்தவள் நானேதான்.

சான்றிதழ் நின்றுபோனது. மூன்று மாதம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டு ஆய்வாளர் மலையிறங்கினார். மறுநாள் நிஜமாகவே நின்று பார்த்து எழுதினேன். பக்கமெல்லாம் பெருக்கல் குறி. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கொண்டுபோய் நிர்வாகி மேஜையில் வைத்தேன். அந்த வாரமே கீசர் வந்தது.

அதன்பின் டிக் தானாகவே ஏறியது. மேல்மலை அக்காதான் குழாயடியை விட்டு நகரவே மாட்டேன் என்றார். “வெரசா வாங்கக்கா, சோலி கெடக்கு” என்று விரட்டவேண்டியிருந்தது.

சொன்னபடி ஆய்வாளர் வந்தார். புதுப் பக்கங்களைத் தள்ளிவிட்டு, நான் நிஜமாக எழுதிய முதல் பக்கத்தைத் தேடி எடுத்தார்.

“முதல் வரியிலயே பெருக்கல் குறி. இந்தப் பேரு யாரும்மா?”

அந்தப் பக்கத்தை எழுதிய அன்று காலை முதல் ஊசி போடப் போனது நான். தண்ணீரைப் பார்த்துப் பயந்து கழுவாமல் போய், என் பெயருக்கு நேரே நானே பெருக்கல் குறி போட்டிருந்தேன்.

“நான்தான் சார்.”

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “இப்ப நம்புறேன்மா” என்று சான்றிதழுக்கான பரிந்துரையில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு நேரே குழாயடிக்குப் போனவர், அக்கா போய்க் கூப்பிடும்வரை வெந்நீரிலிருந்து கையை எடுக்கவில்லை.