பரமசிவம் வைத்த பொட்டும் பத்மாவின் காரும்

செய்தி வந்த காலை கடைக்கு விடுமுறை. எங்கள் கிள்ளான் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் மருமகள் கலைவாணி, தேங்காய் கேட்டு வந்த பக்கத்து வீட்டு லெட்சுமி. நானும் அங்கேதான் இருந்தேன் என்று வேறு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொலைபேசியை எடுத்தவள் கலைவாணி. பேசி முடித்து, அடுப்பை அணைத்து, நறுக்கிய வெங்காயத்தை மூடி வைத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தாள்.

"அத்த, பத்மா ஆன்டி தவறிட்டாங்க. நாற்காலியில உக்காந்தவங்க அப்படியே தூங்கிட்டாங்களாம். யோகாதான் போன் பண்ணா."

யோகா, பத்மாவின் ஒரே மகள். வெங்காயத்தை மூடிய பிறகு எனக்குச் சொன்னதைக் கலைவாணி மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கடையில் காலைப் பசியாறியவர்கள் எல்லோருக்கும் பத்மாவைத் தெரியும். இட்லி அவள் கை, சட்னி என் கை. கிள்ளானிலிருந்து தினமும் அந்தச் சின்ன வெள்ளைக் காரில்தான் பானைகளோடு போவோம். ஓட்டுவது அவள். சாம்பார்ச் சட்டியைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவது நான். அவளுக்குப் பேச்சு குறைவு. எனக்கு அந்தக் குறை கிடையாது. அதனால் வண்டிக்குள் சத்தத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

அந்தக் காரை வாங்கிக் கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோன நாளில், அவள் கணவர் பரமசிவம் மஞ்சளும் குங்குமமும் குழைத்துக் கட்டை விரலால் பானெட்டின் நடுவில் ஒரு பொட்டு வைத்தார். மற்றவர்கள் வீட்டுக்கு வந்ததும் துடைத்துவிடுவார்கள். இவரோ, "தானா அழியட்டும், யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டார். மழை இல்லாத மாதம் அது. கார் வெயிலில் நின்றது. மழை வந்தபோது மேலே இருந்த குங்குமம் கரைந்தது, சாயம் மட்டும் வெள்ளைப் பெயின்டுக்குள் இறங்கிவிட்டது. அதே வருடம் அவர் காலமானார். கட்டை விரல் அகலத்தில் ஒரு மங்கல் சிவப்பு காரில் தங்கிவிட்டது.

கடைக்கு வந்த ஒரு அம்மாள், "காருக்கு அம்மை போட்டிருக்கா?" என்று சிரித்தார். பத்மாவும் சேர்ந்து சிரித்தாள். அந்த அம்மாளுக்கு அதன் பிறகு நான் இரண்டாம் கரண்டி சட்னி ஊற்றியதில்லை. அன்று திரும்பி வரும்போது பத்மா ரோட்டைப் பார்த்தபடியே, "அது அவர் விரலு அக்கா" என்றாள். அந்தப் பொட்டைப் பற்றி அவள் என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

துறைமுக லோரிகளின் புழுதி, மழை, பறவை எச்சம் என்று எல்லாம் சேர்ந்து காரின் வெள்ளை மங்கிக்கொண்டு வந்தது. பானெட்டைத் தடவினால் கையில் சொரசொரவென்று தட்டும். இப்படியே விட்டால் மேல் பூச்சு தோல் மாதிரி உரியும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். உரிந்தால் பொட்டும் போகும். உரியாமல் இருக்கப் பாலிஷ் போட வேண்டும். அழுக்கை எடுக்கிற பாலிஷ் பொட்டையும் எடுத்துவிடும். பத்மா சில நாள் இதே யோசனையாக இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் சாமான் விற்கிற கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர் மூன்று போத்தலை வரிசையாக வைத்தார். தேய்ப்பதற்கு ஒன்று, மினுக்குவதற்கு ஒன்று, கடைசியில் பூச மெழுகு.

"பாஸ், இது நிப்பாட்டி வச்சு அழகு பாக்குற காரு இல்ல. தினம் ஓடுது. ஒரே போத்தல்ல முடியிற மாதிரி குடுங்க."

"அப்ப கோட்டிங் போட்டுடுங்க ஆன்டி. வருஷக்கணக்கா நிக்கும்."

"அதுக்கு முன்னாடி மெஷின்ல தேய்ப்பீங்களா?"

"தேய்க்காம எப்படி லா? இருக்கிற கறையெல்லாம் எடுத்துட்டுத்தான் போடணும்."

"அப்ப வேணாம்."

பிறகு அவர், அழுக்கெடுத்து, மினுக்கி, வெயில் மழைக்குக் காப்பாகச் சீலண்டும் பூசிவிடுகிற வகையில் சில போத்தல்களை எடுத்து வந்தார். எல்லாம் ஒன்றுதான் என்றார். பத்மா ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டை விரலில் வாங்கித் தேய்த்துப் பார்த்தாள். கிரைண்டரில் மாவு அரைபட்டதா என்று பார்ப்பாளே, அதே மாதிரி.

"இது கொரகொரன்னு இருக்கு. ரவா மாதிரி."

"ஆன்டி, இது கார் பாலிஷ் லா. தோசை மாவு இல்ல."

"தோசை மாவா இருந்தா உங்ககிட்ட ஏன் பாஸ் வரேன்?"

கடைசிப் போத்தலில் இருந்தது விரலுக்கு வெண்ணெய் போல இருந்தது. "இது கீறலை அவ்வளவா எடுக்காது ஆன்டி, இப்பவே சொல்லிட்டேன். ஆனா சீலண்ட் நல்லா நிக்கும். மழைத் தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடும்" என்றார் அவர். கீறல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதையே வாங்கினாள். காரில் ஏறியதும் சொன்னாள்: "தினம் ஓடுற வண்டிக்கு இது போதும் அக்கா. கொஞ்சமா எடுக்கணும், நிறைய காக்கணும்."

வெயில் இறங்கி, கார் சூடு ஆறிய பிறகுதான் தொடங்குவாள். பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டுகிற காகித டேப்பை வட்டமாக வெட்டிப் பொட்டின் மேல் ஒட்டிவிட்டு, சுற்றிலும் துணியால் பூசித் துடைப்பாள். கடைசியில் டேப்பை உரித்து, விரல் நுனியில் பாலிஷைத் தொட்டு அந்த இடத்தில் மட்டும் தேய்க்காமல் ஒற்றி எடுப்பாள். எனக்குக் கிடைத்தது பின் கதவு. "அதுக்கு மேல தொடாதீங்க அக்கா. உங்க கை அம்மி அரைச்ச கை" என்பாள்.

அவளுடைய அண்ணன் மகனுக்கு ஸ்ரீ கெம்பாங்கானில் கார் கழுவிப் பாலிஷ் போடும் கடை இருக்கிறது. ஒரு தீபாவளிக்கு முன்னால் பத்மா காய்ச்சலில் படுத்திருந்தபோது, காரைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று வந்து நின்றான். பத்மா சாவியைக் கொடுக்கச் சொன்னாள். வாசலில் வைத்து நான் அவனிடம் தெளிவாகச் சொன்னேன்.

"தம்பி, பானெட்ல இருக்கிறது உன் மாமா வச்ச பொட்டு. அதை மட்டும் தொடாதே."

"தெரியும் ஆன்டி. சின்னப் புள்ளையிலேர்ந்து பாக்குறேன்."

சாயந்திரம் கார் கண்ணாடி மாதிரி திரும்பி வந்தது. பொட்டு இல்லை.

"அத்த, அந்தக் கறையை விட்டா வேல முடிஞ்ச மாதிரியே இல்ல. மெஷின்ல ரெண்டு தடவ குடுத்தேன், போயிருச்சு பாருங்க" என்றான்.

பத்மா போர்வையோடு வந்து நின்றாள். அந்த இடத்தில் கட்டை விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு, "நல்லா இருக்குப்பா. காப்பி குடிச்சிட்டுப் போ" என்றாள். காய்ச்சலோடு அவளே போய்க் கலந்து கொண்டுவந்தாள்.

அவன் போனதும் நான் ஆரம்பித்தேன்.

"விடுங்க அக்கா. ஆசையாத்தான் செஞ்சான்."

"நான் சொல்லியும் செஞ்சான்."

"காதுல விழுந்திருக்காது."

"விழுந்துச்சு. பதிலும் சொன்னான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது அத்தோடு முடிந்தது.

அடுத்த முறை பாலிஷ் போடும்போது, வெறும் வெள்ளையாகக் கிடந்த அதே இடத்தில் வட்ட டேப்பை வெட்டி ஒட்டினாள். சுற்றிலும் பூசினாள். டேப்பை உரித்தாள், இந்தத் தடவை அங்கே பாலிஷை ஒற்றவில்லை. அதற்கடுத்த முறையும் அப்படியே செய்தாள். ஒரு நாள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து திரும்பும்போது நல்ல மழை, நெரிசலில் வண்டி நகரவில்லை. பானெட் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. நடுவில் கட்டை விரல் அகலத்துக்கு மட்டும் முத்தாகாமல் தட்டையாகப் படர்ந்திருந்தது.

"தெரியுதா அக்கா?"

"தெரியுது."

முன்னால் இருந்த லோரி நகர்ந்தது. அவளும் வண்டியை எடுத்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்களிடம் அந்த அண்ணன் மகன், "அத்த காரை நான்தான் புதுசாக்கிக் குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு காரருகே போய்க் குனிந்து பார்த்தான். "யோகா, இங்க ஒரு இடம் மங்கியிருக்கு. நான் எடுத்துட்டுப் போயி தேய்ச்சுத் தரேன். விக்கிறப்ப நல்ல விலை போகும்."

யோகா அழுது வீங்கிய முகத்தோடு என்னைப் பார்த்தாள். "விக்கல அத்தான். அம்மா காரு இனிமே ஆன்டிக்குத்தான்" என்று சாவியை என் கையில் வைத்தாள்.

இப்போது கலைவாணி ஓட்டுகிறாள். நாங்கள் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். இட்லி பத்மா கைக்கு வரவில்லை, கடைக்கு வரும் நீங்களும் பொறுத்துக்கொண்டு சாப்பிடுகிறீர்கள். பாலிஷ் போத்தலில் பாதி இருக்கிறது. டேப்பை நானே வெட்டுகிறேன்.

காரும் போத்தலும் பத்மாவிடமிருந்து எனக்கு வந்தன. அவளுடைய பொறுமை வரவில்லை. அவள் மன்னித்ததைக் காப்பியோடு குடித்துவிட்டுப் போனவன், என்னிடமும் அது கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். இதைத் தட்டச்சு செய்து தரும் யோகா இந்தக் கடைசி வரியை எடுத்துவிடக் கூடாது. அவன் பெயர் சுரேந்திரன்.