தூக்கிய கை

விமானம் ஓட்டுகிறவரை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அவர் தரையிறங்கியதும் வண்டியை எங்கே கொண்டுவந்து நிறுத்துவது என்று சொல்ல, கீழே ஒரு ஆள் வெயிலில் நின்றுகொண்டிருப்பார். இந்தக் கதை அந்தக் கீழே நின்றவரைப் பற்றியது. இரண்டு கையிலும் ஆரஞ்சு நிற மட்டை, காதில் தடித்த மூடி, தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும் சட்டை. கைகளை மேலே தூக்கி முன்னும் பின்னும் அசைத்தால் விமானம் வரும். தலைக்கு மேல் இரண்டையும் குறுக்கே வைத்தால் நின்றுவிடும். மாடி வீட்டைவிடப் பெரிய இயந்திரம், இவர் சொன்ன கோட்டில் மூக்கை வைத்து அடங்கி நிற்கும்.

அதனால் அவருக்குப் பெயரே கைகாட்டி என்று ஆகிவிட்டது. மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், காதுமூடி போடுகிறவனைக் கேலி செய்கிற கூட்டம் ஒன்று இருந்தது. கைகாட்டி அதில் முக்கியப் புள்ளி. மூடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, இரைச்சலெல்லாம் நமக்கு ஒரு பொருட்டா என்று திரிந்தார். இளமைத் திமிர், வேறென்ன. புத்தி வந்து மூடியை ஒழுங்காக மாட்டத் தொடங்கியபோது காப்பாற்றுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. முதலில் கொசுவின் சத்தம் போயிற்று. அது ஒரு விதத்தில் நிம்மதியாகவே இருந்தது. பிறகு குழாய் சொட்டுவது, கதவு தட்டுவது. பிறகு பேச்சு. மனைவி சொல்வது காதில் விழாததை, கல்யாணமானவர்களுக்கெல்லாம் இப்படித்தான் இருக்கும் போல என்று அவர் கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

மனைவி கெட்டிக்காரி. அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் எதையும் கேட்டு அவரைக் குடையவில்லை. அவருக்கு எதிரே வந்து, தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக நின்று பேசப் பழகிக்கொண்டாள். அடுப்பில் என்ன கொதித்தாலும் சரி, ஒரு வார்த்தை சொல்லவேண்டுமென்றால் வந்து நின்று சொல்லிவிட்டுப் போவாள். அவளுடைய உதட்டைப் பார்த்துத்தான் அவர் மற்றவர்களின் உதட்டையும் படிக்கக் கற்றுக்கொண்டார். அவருக்குக் காது போய்விட்டது என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

விமானம் வந்து நிற்கிற தளத்தில் காதே தேவையில்லை என்பது அவருடைய அதிர்ஷ்டம். அங்கே எல்லோர் காதும் மூடியிருக்கும். இழுவை வண்டிக்காரர், படிக்கட்டு வண்டிக்காரர், எரிபொருள் போடுகிறவர் எல்லோரும் கைகாட்டியின் கையைத்தான் பார்ப்பார்கள். கை எதைச் சொல்கிறதோ அதைச் செய்வார்கள். ஏன் எதற்கு என்று நின்று கேட்டுக்கொண்டிருந்தால் யாராவது சக்கரத்துக்கடியில் போய்விடுவார்கள். அதனால் அந்தக் கை உயர்ந்தால் உடம்பு தானாக அசைகிற பழக்கம் அவர்களுக்கு எலும்பு வரைக்கும் ஊறியிருந்தது.

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. காது கேட்காதவனைத் தளத்தில் நிற்க விடமாட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதிப்பார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தவேண்டும். வெளியே உட்கார்ந்து சத்தத்தை அனுப்புகிற பெண், ஒவ்வொரு முறையும் தலையை லேசாகக் குனிவாள். கைகாட்டி அந்தத் தலையைப் பார்த்துத் தன் பொத்தானை அழுத்தினார். நல்ல காது என்று சான்று கிடைத்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மனைவிக்கு ஒரு தம்பி. தாய் இல்லாமல் அவள் கையில் வளர்ந்த பிள்ளை. கல்யாணமாகித் தனியே போகிறவரைக்கும் இவர்கள் வீட்டில்தான் இருந்தான். அதே விமான நிலையத்தில் லோடர் வேலை. விமானத்தின் வயிற்றுக்குள் முட்டிபோட்டு உட்கார்ந்து பெட்டிகளை அடுக்கவேண்டும். நிமிர இடமில்லாத வேலை. மாமனும் மச்சினனும் ஒரே விமானத்தின் கீழ் நின்றாலும், மாமன் கம்பெனி ஆள், மச்சினன் கான்ட்ராக்டரின் ஆள். அதனால் இவருக்கு ஒரு சங்கம், அவனுக்கு வேறொரு சங்கம்.

ஒருநாள், பெட்டியை மேலே ஏற்றுகிற பெல்ட்டில் ஒரு லோடரின் கால் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவன் வேலையிலேயே இல்லை, எதற்கு அங்கே போனான் என்று தெரியாது என்று கான்ட்ராக்டர் கூசாமல் சொன்னார். லோடர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்னால் நின்றவர்களில் மச்சினனும் ஒருவன். பெட்டிகள் மலையாகக் குவிந்தன. கம்பெனி, அலுவலகத்துக் குமாஸ்தாக்களைக் கூட்டிவந்து ஏற்றச் சொன்னது. அவர்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஏற்றினார்கள். விமானங்கள் தாமதமாகவேனும் கிளம்பிக்கொண்டுதான் இருந்தன. தளத்துக்காரர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் ஒன்றும் அசையாது, கான்ட்ராக்டர் இறங்கிவருவார். அது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

மச்சினன் வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்தான். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது.

"மாமா, உங்க சங்கத்துல பாதிப் பேர் என்ன செய்றதுன்னு தெரியாம இருக்காங்க. நீங்க எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வந்துடுவாங்க. எங்களைக் கொஞ்சம் கை தூக்கி விடுங்க."

"அதுக்கென்ன மாப்ள. தூக்கிட்டாப் போச்சு" என்றார் கைகாட்டி. மனசாரத்தான் சொன்னார். இதில் யாரும் சந்தேகப்படவேண்டாம்.

சங்கக் கூட்டம் கேன்டீனில் நடந்தது. மதிய நேரம். மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். எப்போதும் வருகிற கூட்டத்தைவிட அதிகம் என்பதால் எங்கிருந்தோ ஒரு மைக்கைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே கைகாட்டி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மைக் இருந்தால் வாய் தெரியாது. சங்கச் செயலாளரோ மைக்கைக் கண்டால் கடித்துத் தின்றுவிடுகிற மாதிரி வாயோடு ஒட்டிப் பிடிக்கிற ஆள்.

நல்லவேளையாக, சங்கத்தில் இருந்த மெக்கானிக் ஒருவர் எழுந்து பேசியபோது மைக்கைத் தள்ளிவைத்துவிட்டார். அவருக்குச் சொந்தத் தொண்டையே போதும்.

"அவங்க வேற சங்கம், நாம வேற சங்கம். போன தடவ நாம வெளிய நின்னப்போ இவங்க பெட்டி ஏத்தாமயா இருந்தாங்க? அன்னிக்கு நம்மளத் திரும்பிப் பாக்காதவங்களுக்கு இன்னிக்கு நாம எதுக்குப் போய் தலைய குடுக்கணும்?"

பாதிப் பேர் தலையாட்டினார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

டிக்கெட் கவுன்டர் அம்மா எழுந்தார். கூட்டத்தில் வயதில் மூத்தவர், யாருக்கும் பயப்படாதவர். அவரும் மைக்கைத் தொடவில்லை.

"அந்த பெல்ட் எந்தச் சங்கம்னு கேட்டுட்டா காலை எடுத்துச்சு? நாளைக்கு உங்க காலும் அதுக்குப் பக்கத்துலதான் நிக்கப்போவுது."

அதற்கும் தலையாட்டினார்கள், பலர் அதே தலைகளை. இழுவை வண்டிக்காரர் கைகாட்டியின் முழங்கையை இடித்து, "அண்ணே, எனக்கு ஒரு முடிவுக்கும் வர முடியல. நீங்க எப்படியோ நானும் அப்படி" என்றார். அவர் உதட்டைப் பார்த்துக் கைகாட்டி புன்னகை செய்தார். இத்தனை பேர் தன் கையை நம்பியிருப்பது அந்த நேரத்தில் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சங்கத்தின் தீர்மானம் லோடர்களுக்கு ஆதரவு என்றுதான் எழுதப்பட்டிருந்தது. மெக்கானிக் அதில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: ஆதரவு வேண்டாம், நாம் ஒதுங்கியிருப்போம். சங்கத்தில் வழக்கம் என்னவென்றால், திருத்தம் வந்தால் முதலில் அதற்குத்தான் ஓட்டு. செயலாளர் இதை மைக்கில் விளக்கமாகச் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது, ஒருவருக்கு மட்டும் கேட்கவில்லை.

"லோடர்களுக்கு ஆதரவு" என்பது மட்டும், மைக் போட்ட சத்தத்தில், அவருக்கு மிச்சமிருந்த கொஞ்சம் காதில் எப்படியோ விழுந்தது. மைக் ஒரு முறை ஊளையிட்டது. அதற்குப் பின்னால் வந்த "வேண்டாங்கறவங்க" அவருக்கு அந்த ஊளையில் போய்விட்டது. நம் பேச்சில் இது ஒரு வம்பு. ஆமா, இல்லை என்பதையெல்லாம் வாக்கியத்தின் வாலில்தானே வைத்திருக்கிறோம். செயலாளர் இடது கையை உயர்த்திக் காட்டினார், அதாவது கை தூக்குங்கள்.

கைகாட்டி தூக்கினார். அரைகுறையாகத் தூக்கிப் பழக்கமில்லாத கை. முழங்கை மடங்காமல், விரல் விரிந்து, ஓடுபாதையின் கடைசிவரைக்கும் தெரிகிற மாதிரி தூக்கினார். பக்கத்தில் இழுவை வண்டிக்காரரின் கை உயர்ந்தது. பின்னால் படிக்கட்டு வண்டிக்காரர், அவருக்குப் பின்னால் எரிபொருள்காரர்கள். தளத்தில் எப்படியோ அப்படியே.

அப்போதுதான் கவுன்டர் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாவின் இரண்டு கையும் மடியில் இருந்தன. கண் மட்டும் இவர் மேல். மெக்கானிக்கின் கை உயர்ந்திருந்தது. அவர் திரும்பி இவரைப் பார்த்து, நீங்களுமா என்பதுபோலச் சந்தோஷமாகச் சிரித்தார்.

புரிந்துவிட்டது. அந்த இடத்தில் கையைக் கீழே போட்டிருக்கலாம். போட்டிருந்தால் மற்ற கைகளும் இறங்கியிருக்கும். ஆனால் போட்டால் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும், எனக்குக் கேட்கவில்லை என்று. கேன்டீன் வாசலில் மேலாளரின் ஆள் ஒருவர் டீ கிளாஸோடு சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தால் நாளைக்குக் கண்ணாடி அறை, வேறு ஒரு பெண், தலையைக் குனியாத பெண். மட்டையைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் யாருக்குக் கை காட்டுவது? எத்தனையோ விமானங்களைக் கோடு தாண்டாமல் நிறுத்தியவருக்குச் சொந்தக் கையை நிறுத்த முடியவில்லை. செயலாளர் எண்ணி முடிக்கிறவரைக்கும் அது மேலேயே இருந்தது. மிகக் குறைந்த வித்தியாசத்தில் திருத்தம் நிறைவேறியது.

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டிருந்தது. மனைவி எதிரே வந்து நின்றாள்.

"கேக்கலையா?"

தலையாட்டினார்.

"அதைப் போய்ச் சொல்லுங்க. கேக்காமத் தூக்கிட்டேன்னு சொல்லுங்க. திரும்ப ஓட்டு வைப்பாங்க."

"சொன்னா என் வேலை போயிடும்."

"அவனுக்குப் போகப்போகுதே."

அவர் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நாளை வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று கவுன்டர் அம்மாவைத் தேடிக்கொண்டு ஒருமுறை பாதி தூரம் போனார். வழியில் யாரோ வணக்கம் சொன்னார்கள் என்று திரும்பி வந்துவிட்டார்.

லோடர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பினார்கள். முன்னால் நின்றவர்களை மட்டும் கான்ட்ராக்டர் உள்ளே விடவில்லை. கால் போனவன் அன்றைக்கு வேலையில் இல்லாதவனாகவே ஆகிப்போனான். கைகாட்டி என்ற பெயரை லோடர்கள் கொஞ்சம் நீட்டி, காட்டிக்கொடுத்த கைகாட்டி என்று ஆக்கியிருந்தார்கள். அதை அவர் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். அதனால் நெடுநாள் அவருக்குத் தெரியவில்லை.

மச்சினனுக்கு வேறு ஊரில், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை கிடைத்தது. வீட்டைக் காலி செய்கிற அன்று கைகாட்டியும் மனைவியும் போனார்கள். பாத்திரமெல்லாம் சாக்கில் இருந்தது. சுவரில் காலண்டர் தொங்கிய இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். கைகாட்டி உள்ளே போய், மென்று விழுங்காமல் சொல்லிவிட்டார்.

"எனக்குக் காது கேக்காது மாப்ள. ரொம்ப நாளாவே. அன்னிக்கு வேண்டாம்னு சொன்னது என் காதுல விழல. உங்களுக்காகத்தான் தூக்கினேன்."

மச்சினன் சாக்கைக் கட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தான். அவனுக்குக் கோபம் வரும் என்று இவர் எதிர்பார்த்து வந்திருந்தார். அது வரவில்லை.

"நம்புறேன் மாமா. காது போனது உங்க தப்பில்ல" என்று நிதானமாகச் சொன்னான். "ஆனா கண்ணு நல்லாத்தான இருக்கு. மெக்கானிக் கையப் பாத்தீங்கள்ல?"

அவன் திரும்பிக்கொண்டு சாக்கை இறுக்கிக் கட்டினான். கட்டிக்கொண்டே இன்னும் ஏதோ சொன்னான். முதுகு அசைந்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

திரும்பி வருகிற வழியில், "கடைசியா அவன் என்ன சொன்னான்?" என்று மனைவியிடம் கேட்டார். அவள் நேராகப் பார்த்தபடி நடந்தாள். பதில் சொன்னாளா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

கைகாட்டி இப்போதும் தளத்தில்தான் நிற்கிறார். விமானங்கள் அவர் கையைப் பார்த்து வருகின்றன, அவர் கையைப் பார்த்து நிற்கின்றன. இந்த வருஷச் சோதனையிலும் காது நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் சண்டை என்று எதுவும் இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறது, சட்டை துவைத்து மடித்து வைக்கப்படுகிறது. அவள் எதிரே வந்து நிற்பதை மட்டும் விட்டுவிட்டாள். தோளைத் தொடுவதும் இல்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள். பின்னாலிருந்து பார்த்தால் தாடை அசைவது தெரிகிறது. தன்னிடம்தான் பேசுகிறாளா, தம்பியோடு போனில் பேசுகிறாளா என்று அவருக்குத் தெரிவதில்லை. எழுந்து போய் அவளுக்கு எதிரே நின்று பார்க்கலாம். அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார்.