இடப்பக்கம் விழுந்த பூ

என் வீட்டுக்காரருக்குச் சகுனம் பார்க்காமல் கால் நகராது. பூனை குறுக்கே போனால் ஸ்கூட்டரை ஓரங்கட்டி ஐந்து நிமிடம் நிற்பார். பல்லி சத்தம் கேட்டால் எந்தத் திசை என்று காலண்டரின் பின்பக்கத்தைப் புரட்டுவார். நாங்கள் இருப்பது மலைமேல் நடுவட்டம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட். இங்கே பூனையைவிடக் காட்டெருமைதான் அதிகம் குறுக்கே போகும். அதற்கு என்ன பலன் போட்டிருக்கிறது என்று கேட்டால் முறைப்பார். அவர் ஃபேக்டரியில் டீமேக்கர். இலை பதத்துக்கு வந்துவிட்டதா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுகிற மனுஷன், சொந்தக் காரியம் என்று வந்தால் பல்லியிடம் போய் நிற்பார். நான் பள்ளிக்கூட டீச்சர். இருபத்தாறு வருடம் கேலி செய்துகொண்டே குடும்பம் நடத்திவிட்டேன்.

போன வருடம் அந்தக் கேலி நின்றது. ஃபேக்டரிப் படியேறும்போது அவருக்கு நெஞ்சு வலித்தது. கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இதயத்தில் மூன்று அடைப்பு, பைபாஸ் செய்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். "தள்ளிப் போடாதீங்க. அடுத்த வலி வந்தா மலையிலிருந்து இறங்கி வர்றதுக்குள்ள என்ன வேணா ஆகலாம்" என்றும் சொன்னார். அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை தேதி கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலைக்குள் போன் செய்து உறுதி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

திரும்பி வரும் வழியில் இவர், "அம்மன்கிட்டப் பூ கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏனுங்க, டாக்டர் படம் புடிச்சே காட்டிட்டாருங்க. இன்னும் பூ என்னத்துக்குங்க?" என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் யோசித்தேன். பல்லியைத்தான் நான் கேலி செய்வேன், அம்மனை அல்ல. அவள் சரி என்றுதான் சொல்வாள், இவரும் தைரியமாகப் போய்ப் படுப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயில், இலங்கையிலிருந்து வந்த தொழிலாளிகள் தங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே கட்டியது. பூசாரி மற்ற நாளெல்லாம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். வெள்ளிக்கிழமை மட்டும் பூசாரி. அந்தக் கோயிலில் அம்மனின் இரண்டு தோளிலும் நனைத்த செவ்வந்தியை ஒவ்வொன்றாக ஒட்டிவைப்பார்கள். அம்மனுக்கு வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் சம்மதம், இடப்பக்கப் பூ விழுந்தால் வேண்டாம். கேள்வியை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது அங்கே கண்டிப்பு. அந்த வெள்ளிக்கிழமையே போனோம்.

"மனசுக்குள்ளயே கேளுங்க சார். அம்மாவுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றார் பூசாரி.

இவர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூடுபனி வாசல்படி வரைக்கும் வந்துவிட்டது. அரைமணி நேரம் ஒரு பூவும் அசையவில்லை. எனக்குக் கால் மரத்துப்போனது. விழுடி, விழுடி என்று அம்மனை உரிமையோடு அதட்டிக்கொண்டிருந்தேன். பூ விழுந்தது. இடப்பக்கப் பூ.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மனே ஆபரேஷன் வேண்டாங்கறா தம்பி. நாட்டு வைத்தியம் பாத்துக்கலாம்." இவர் திருநீறு பூசிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

அடுத்த மூன்று நாளும் கெஞ்சினேன், கத்தினேன், சோறு தின்னாமல் கிடந்தேன். "அப்புறம் பாக்கலாம்" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவரை அசைக்க முடியாத ஆத்திரமெல்லாம் அம்மன் மேல் திரும்பியது. பூஜை அறைக் கதவைச் சாத்தினேன். திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட இறக்கிவைக்காமல், சாத்திய கதவைப் பார்த்து வாய்க்கு வந்தபடி பேசினேன். உனக்குக் கண்ணில்லையா, ஒரு பூவைத் தள்ளத் தெரியாத நீ என்ன தெய்வம் என்று கேட்டேன். இன்னும் மோசமாகவும் கேட்டேன். எழுதக் கூசுகிறது.

பின்னால் இவர் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை.

"அவளத் திட்டாத" என்றார். "அவ சரியாத்தான் சொன்னா."

நான் திரும்பினேன்.

"நீங்க எல்லாரும் நெனச்சதை நான் கேக்கல. ஆபரேஷன் இல்லாமயே இருந்துக்கலாமா தாயேன்னுதான் கேட்டேன். கூடாதுன்னுட்டா. நீங்க மாத்திப் புரிஞ்சுக்கிட்டீங்க. எனக்கும் அது வசதியாப் போச்சு, பேசாம இருந்துட்டேன்."

எனக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது. அவரே நாற்காலியில் உட்கார்ந்து, "பயமா இருக்குது. நெஞ்சைப் பொளந்து போடுவாங்கல்ல" என்றார். இருபத்தாறு வருடத்தில் பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன். காட்டெருமைக்கு முன்னாலும் டார்ச்சை ஆட்டிக்கொண்டு நடந்துபோகிற ஆள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்து கிடந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு நானே போனை எடுத்து, வருகிறோம் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டருக்கும், ரத்தம் கொடுத்த ஃபேக்டரிக்காரர்களுக்கும், இருபது நாள் என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட டீச்சருக்கும் நன்றி சொன்னேன். அம்மனிடம் விழுந்து கும்பிட்டு மன்னிப்பும் கேட்டேன். ஆனால் நான் பெரிதாக நன்றிக்கடன் பட்டிருப்பது அவருக்குத்தான். அன்றைக்கு அவர் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம். என்ன கேட்டார் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. தன்னால் அம்மனுக்கு ஒரு கெட்ட பெயர் வருவதை அவரால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். நான் மூன்று நாள் அழுததற்கு இளகாத மனுஷன் அதற்கு இளகினார் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. அதை அவரிடம் சொல்லிக்காட்டவும் செய்கிறேன்.

இன்றைக்குக் காலையில் உப்புமாவில் உப்பே இல்லை என்று தட்டைத் தள்ளிவைத்துச் சண்டை போட்டார். டாக்டர் குறைக்கச் சொன்னது அவருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். நான், இப்படிக் கத்த இவர் இருக்கிறாரே என்று, அவர் கத்தி முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.