சிதம்பரமும் மட்டாஞ்சேரி ராமெனும்

சிதம்பரம் போய்விட்டார் என்ற செய்தி, தேயிலைத் தரகர்களின் வாட்ஸப் குழுவில், யாரோ போட்ட காலை வணக்கப் பூங்கொத்துக்குக் கீழே வந்தது. அதன் பிறகு வரிசையாகக் கூப்பிய கைகள். மதியத்துக்குள் ஆளாளுக்கு எழுதத் தொடங்கிவிட்டார்கள். கடைசிவரை பிசகாத நாக்கு என்றார் ஒருவர். தேயிலையின் தரம் கெட்டதைப் பொறுக்காமல் வேலையை உதறிய மனிதர் என்றார் இன்னொருவர். இப்படி எழுதியவர்களில் பாதிப் பேரைச் சிதம்பரம் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்று வருடக்கணக்காகத் தேயிலை ருசி பார்த்தவன் என்ற உரிமையில், உங்களுக்கு நான் உள்ளதைச் சொல்கிறேன்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏலத்துக்கு வரும் தேயிலையை வடித்துக் கோப்பைகளில் வரிசையாக வைப்பார்கள். ஒரு கரண்டி எடுத்து, காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பிவிட வேண்டும். துப்பியதும் சிதம்பரம் தீர்ப்புச் சொல்வார். “இதுக்கு வெந்நீர் குடிக்கலாம்” என்பது அவற்றில் மரியாதையான ஒன்று. தேயிலை நன்றாக இருந்தால் பேசாமல் அடுத்த கோப்பைக்கு நகர்வார். யாரையும் எதையும் அவர் புகழ்ந்து நான் கேட்டதில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

அவர் வேலையை விட்ட பிறகு, ஒரு சனிக்கிழமை கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு என்னை வரச் சொன்னார். பழைய மிளகுக் கிடங்கு ஒன்றில் நிகில் என்ற இளைஞன் ராமென் கடை போட்டிருந்தான். ராமென் என்றால் ஜப்பான்காரர்களின் நூடுல்ஸ் சூப். நிகில் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவன். ஜப்பானை வரைபடத்தில்தான் பார்த்திருப்பான். காகித விளக்கு, முதுகு சாய வழியில்லாத முக்காலிகள், மிளகு நெடி போகாத சுவர். வந்திருந்தவர்கள் கிண்ணத்தைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளே நூடுல்ஸ் ஊறிப் பருத்துக்கொண்டிருந்தது. சத்தம் போட்டு உறிஞ்சுவதுதான் நாகரிகம் என்று எங்கோ படித்துவிட்டு, சளி பிடித்த குழந்தைகளைப் போல் உறிஞ்சினார்கள்.

சிதம்பரம் ஒரு கரண்டி எடுத்தார். பழக்கதோஷம், எங்கள் முறைப்படியே உறிஞ்சினார். கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அதோடு நிற்காமல், பக்கத்தில் குடை வைப்பதற்காக இருந்த பித்தளைத் தவலையில் துப்பியும் விட்டார். நிகில் ஓடி வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நான் எழுந்தேன். அவனோ கையைக் கட்டிக்கொண்டு, சேட்டன் ஜப்பானில் இருந்தவரா என்று பயபக்தியோடு கேட்டான். சிதம்பரம் இல்லை என்று சொல்லவில்லை. “சூடு பத்தாது” என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து அவர் அந்தக் கடையின் நீதிபதி. ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கும் சேர்த்துக் காளான் ராமென். நூடுல்ஸ் குழைந்துவிட்டது, முட்டை ரப்பர், கிண்ணம் ஆறிக் கிடக்கிறது என்று வாய்க்கு வந்தபடி திட்டுவார். நிகில் தலையாட்டி மாற்றுவான். உண்மையில் கடை தேறியது. அவமானத்தைத் தானே விலைக்கு வாங்குகிற முட்டாள் என்று நான் அவனை மனதுக்குள் இளப்பம் செய்தேன்.

மழை கொட்டிய ஒரு சனிக்கிழமை, நிகில் முதல்முறையாக நேராகக் கேட்டான், உப்பு எப்படி என்று. சிதம்பரம் ஒரு வாய் குடித்துவிட்டு, “உப்பு பத்தாது” என்றார். நான் என் கிண்ணத்தில் வாய் வைத்தேன். கடல் தண்ணீர். சமையலறையில் இரண்டு பேர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் உப்புப் போட்டிருக்கிறார்கள். சிதம்பரம் நிதானமாக இன்னொரு கரண்டி குடித்தார். என் முகம் போன போக்கைப் பார்த்த நிகில், என் சூப்பை ருசி பார்த்தான். பிறகு சிதம்பரத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே கௌரவமும் கடையில் எல்லோர் முன்னாலும் போய்விடும்.

“க்ஷமிக்கணும் சேட்டா, உப்பு போட மறந்து போயி” என்றான் நிகில். இரண்டு கிண்ணங்களையும் எடுத்துப்போய் வேறு கொண்டுவந்தான்.

படகுத்துறைக்கு நடக்கும்போது சிதம்பரம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். “நாக்கு போயிடுச்சுடா. வேலையை விட்டது அதுக்குத்தான். தேயிலை கெட்டுப்போச்சுன்னு நான் சொன்னதை எல்லாரும் நம்பிட்டானுங்க.” பிறகு ஏன் ராமென் என்று கேட்டேன். “சாயா குடிச்சா என்ன போச்சுன்னு தெரியும். இதுல எனக்குப் போனது ஒண்ணும் இல்லை. சூடு மட்டும் தெரியுது, அது போதும்.” கொஞ்ச தூரம் போனதும், அவன் கண்டுபிடித்துவிட்டானா என்று கேட்டார். இல்லை என்றேன். “அவனுக்கு எங்கே தெரியப்போகுது. அவனுக்குப் பிறந்ததிலிருந்தே நாக்கு கிடையாது” என்றார். நான் சொன்னதை நம்பிவிட்டார் என்று நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, நிகிலைக் கூப்பிட்டார். “நல்லா இருக்கு” என்றார். நிகில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். எனக்கு வயிறு எரிந்தது. ருசி தெரியாத நாக்கு சூப்பைப் புகழாது. அப்போதுதான் தெரிந்தது, அவர் என்னை நம்பவில்லை என்று.

இரங்கல் கூட்டத்துக்கு நிகிலும் வந்திருந்தான். புகழுரைகளைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தினான். அன்று கிண்ணத்தை அவன் எதற்கு மாற்றினான் என்பது சேட்டனுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டான். தெரியாது என்றேன். சமாதானமாகப் போனான். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் இங்கே எழுதலாம்: சிதம்பரத்துக்குத் தெரியும். அவர் வாயிலிருந்து வந்த ஒரே ‘நல்லா இருக்கு’ எனக்குச் சொன்னதல்ல. ஆனாலும் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதை மட்டும்தான்.